பேபி குணாவின் முன்பல்

ஏரியில் மூன்று பெண்கள் முழங்காலால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் கழுத்து வரை நின்றது. இரண்டு கையும் சேற்றுக்குள். இறால் விரலில் முட்டியதும் அமுக்கிப் பிடித்து, தாடைக்குக் கீழே தொங்கும் பனையோலைப் பறிக்குள் போட வேண்டும். பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். இடுப்பில் கட்டினால் பறி மிதந்து முதுகுப் பக்கம் போய்விடும், கை அதைத் தேடுவதற்குள் இறால் துள்ளிவிடும். அதனால் தோணிரேவு ஊரில் இறால் தடவப் போகிற பெண்களுக்குத் தண்ணீருக்குள் பேச்சு கிடையாது. மூக்கால் மூச்சு விடலாம், முனகலாம், அவ்வளவுதான்.

வசந்தா முதலில் கரையேறிக் கயிற்றைத் துப்பினாள். தாடையை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னாடி பேபி, நாளைக்குப் பட்டணமாமே?"

பின்னாலேயே கரையேறிய குணசுந்தரிக்கு முப்பத்தெட்டு வயது. காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் ஊருக்கு அவள் பேபிதான். ஒன்பது வயதில் திரையில் பேபி குணா என்று பெயர் போட்டார்கள். அதைப் படித்த ஊர் அப்புறம் மாற்றிக்கொள்ளவே இல்லை.

"ஆமாக்கா. மாசிலாமணி அண்ணன் போன் பண்ணாரு. கதாநாயகிக்கே குரலு."

"எந்த ஊரு பொண்ணு அது?"

"பாம்பாய். தமிழ் ஒரு வார்த்த வராது. ஆனா கத நம்ம ஊரு கத. டச்சுக்காரன் காலத்துல பஞ்சம் வருது, ஒருத்தி பெத்த பொண்ணையே கப்பலுக்கு வித்துடுறா. நம்ம பேச்சுலயே பேசணுமாம். பட்டணத்துல எவளுக்கும் அது வர்லியாம்."

"நல்லா கீதுடி. அன்னிக்கு அந்தப் பேச்சுக்காகத்தான உன் கொரல வேணாம்னாங்க?"

குணசுந்தரி பறியின் கயிற்றை இறுக்கி முடிந்தாள்.

ஒன்பது வயதில் நடித்த அந்தப் படமும் டச்சுக்காரன் கதைதான். பழவேற்காட்டுக் கல்லறையில் படம் பிடிக்க வந்தவர்கள், வேடிக்கை பார்த்த கூட்டத்தில் இவள் கண்ணைப் பார்த்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கப்பலுக்கு விற்கப்படுகிற சிறுமி வேஷம். "என்ன விக்காத நைனா" என்று இவள் கதறினாள். சுற்றி நின்றவர்களெல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். பொன்னேரிக் கொட்டகையில் படம் ஓடியபோது இவள் வாய் அசைந்தது, "என்னை விற்றுவிடாதீங்கப்பா" என்று வேறு யாரோ கொஞ்சலாகப் பேசினார்கள். அம்மா அங்காளம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பிப் போனாள். "வாயி உன்னுது. பேச்சு எவளுதுடி?" என்று இடைவேளை வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் இரண்டு படம். கதாநாயகனின் தங்கையாக ஒன்று, கோயில் வாசலில் பிச்சை எடுப்பவளாக ஒன்று. பன்னிரண்டு வயதில் நெடுநெடுவென்று வளர்ந்தாள், முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் பட்டணத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தாள். நைனாவோடு வடபழனியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்து, அழகான பிள்ளைகளின் முகத்துக்குக் குரல் கொடுத்தாள். பிஸ்கட் விளம்பரம், கைக்குழந்தை அழுகை, டிவி தொடரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்கு நாலு வருஷம். பிறகு நிஜப் பிள்ளைகளையே பேச வைக்க ஆரம்பித்தார்கள். கும்பலில் "ஐயோ, ஓடுங்க" என்று கத்துவதற்கு மட்டும் கூப்பிட்டார்கள். அதுவும் நின்றது. நைனா செத்தார். டப்பிங் சங்கத்து உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டு ஊருக்குத் திரும்பி, அம்மாவின் பறியை எடுத்துப் பல்லில் கடித்தாள்.

இப்போது பத்து வருஷம் கழித்து மாசிலாமணி கூப்பிட்டிருக்கிறார். டப்பிங்குக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். "ஒரு கதாநாயகிக்கு முழுசாப் பேசிட்டேன்னு டைரக்டர் எழுதிக் கொடுத்தா போதும் பாப்பா, அட்டைய நான் வாங்கித் தர்றேன். அப்புறம் வாரத்துல நாலு நாள் வேல. ஏரியில எறங்க வேணாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் நேற்றிலிருந்து அவள் காதை விட்டுப் போகவில்லை.

"போதும், வுட்டுடு" என்றாள் வசந்தா. "மேப்பல்லு ஆடுதுன்னியே."

"புதுத் தண்ணி வந்துக்கீதுக்கா. எறா அள்ளிக்கினு போவுது. நாளைக்கு நான் இல்ல, இன்னிக்கே சேத்து எடுத்துடுறேன்."

"கடவாய்லயாச்சும் கடி."

கடைவாயில் கடித்தால் பறி ஒருபக்கம் சாயும், இறால் வழுகி வெளியே போகும். குணசுந்தரி முன்பல்லிலேயே கடித்துக்கொண்டு இறங்கினாள். மதியத்துக்குள் பறி நிறைந்துவிட்டது. எழுந்து நின்றபோது கனம் முழுக்கக் கயிற்றில் இறங்கியது. பல் கயிற்றோடு வந்தது.

கரையில் உட்கார்ந்து பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ரத்தத்தைத் துப்பிவிட்டு, "சோறு" என்று சொன்னாள். பல் போன சந்தில் சீட்டி அடித்தது. "சாமி" என்றாள். அதற்கும் சீட்டி. மற்ற நாளாக இருந்தால் வசந்தா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று ஈரப் புடவையோடு எழுந்து பழவேற்காட்டு மாதா கோயிலுக்கு நடந்து போய், எரிந்து முடிந்த மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள்.

குணசுந்தரி மெழுகை வாய்ச்சூட்டில் இளக்கி, சந்தில் வைத்து அழுத்தி, நகத்தால் வழித்தாள்.

"சோறு. சாமி. சேல."

"அதே கொரலுடி" என்றாள் வசந்தா. "ஆத்தா காப்பாத்தட்டும்."

மறுநாள் பஸ் திருப்பாலைவனத்தைத் தாண்டும்போது பக்கத்து இருக்கைக்காரி ஏதோ கேட்டாள். குணசுந்தரி தலையை மட்டும் ஆட்டினாள். பொன்னேரி ஸ்டேஷனில் டீ வாசனை இழுத்தது. சூடு பட்டால் மெழுகு இளகிவிடும் என்று குடிக்கவில்லை. ஸ்டுடியோ வாசலில் மாசிலாமணி ஒரு டீ நீட்டினார், அதையும் வேண்டாம் என்றாள்.

"பயமா பாப்பா?"

"இல்லண்ணே. தொண்டைக்கு ஆவாது."

கண்ணாடி அறைக்குள் ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. திரையில் வெள்ளைவெளேரென்ற பாம்பாய்ப் பெண் கரி பூசிக்கொண்டு ஏரிக்கரையில் நின்றாள். குணசுந்தரி காதில் ஹெட்போனை மாட்டி, காகிதத்தைப் பார்த்து, அவள் உதட்டுக்குப் பேசினாள். முதல் நாலு துண்டும் ஒரே டேக்கில் முடிந்தன. டைரக்டர், முப்பது வயதுகூட இருக்காது, எழுந்து நின்றுவிட்டார்.

"இதுதான், மாசிலாமணி சார். இந்தப் பேச்சத்தான் மூணு மாசமாத் தேடுறேன்."

மாசிலாமணி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். குணசுந்தரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இன்றோடு ஏரி முடிந்தது என்றே நினைத்தாள்.

அடுத்தது பிள்ளையை விற்கிற இடம். "சோத்துக்குத்தான்டி சொல்றேன். போ. அவன் சோறு போடுவான்." இரண்டு டேக் நன்றாக வந்தது. டைரக்டர் இன்னும் கொஞ்சம் உடைந்து பேசச் சொன்னார். மூன்றாவதில் அவள் உடைந்து பேசினாள். குளிரில் இறுகியிருந்த மெழுகு தெறித்துப் போய் காகிதத்தில் விழுந்தது.

"ஏதோ விசில் வருது" என்றார் ஒலிப்பதிவுக்காரர். "மைக்கா இருக்கும்."

மைக்கை மாற்றினார்கள். வயரைக் கழற்றி மாட்டினார்கள். பத்து நிமிஷம் அவர்கள் தேடிக்கொண்டிருக்க, குணசுந்தரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மைக் இல்ல சார். என் பல்லு."

டைரக்டர் உள்ளே வந்து அவள் வாயைப் பார்த்தார்.

"கட்டிக்கிட்டு வர எவ்ளோ நாள் ஆகும்மா?"

"ஒரு வாரம் குடுங்க சார். எப்பிடியாச்சும் வந்துடறேன்."

"நாளைக்கு ரீல் மிக்சிங்குக்குப் போகணுமே."

அவர் நல்ல மாதிரிதான். கத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். பிறகு முகம் தெளிந்து சொன்னார்:

"ஒண்ணு பண்ணலாம். நீங்க படம் முழுக்க ஒருவாட்டி பேசிக் கொடுத்துடுங்க. விசில் இருந்தாப் பரவால்ல. அதக் கேட்டுக்கிட்டு வேற பொண்ணு அப்படியே பேசிடும். நீங்க நீட்டுற இடத்துல நீட்டும், இழுக்குற இடத்துல இழுக்கும். அழுகைய மட்டும் உங்களுதே வச்சுக்கறேன். அதுல பல்லு தெரியாது."

குணசுந்தரி காகிதத்திலிருந்து மெழுகைத் தட்டிவிட்டாள். சாயங்காலம் வரைக்கும், கப்பல் போகிற வரைக்கும், ஒவ்வொரு 'சோறு'க்கும் சீட்டி அடித்துக்கொண்டே பேசினாள். கடைசியில் அழச் சொன்னார்கள். அதற்குக் காகிதம் தேவைப்படவில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, "ஓகே, ஒரே டேக்" என்று காதில் கேட்டது.

வெளியே மாசிலாமணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அட்டை?"

"அது பேசுனவங்களுக்குப் பாப்பா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அழுதவங்களுக்கு ஏது அட்டை?"

மாசி மாதம் ஏரிக்கு வெளியூர்க்காரர்கள் நாரை பார்க்க வந்தார்கள். ஒரு படகு, இறால் தடவிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கிட்டே வந்து எஞ்சினை நிறுத்தியது. அதில் இருந்த ஒருவன் அவர்களைப் போட்டோ எடுத்தான். இன்னொருத்தி கையில் இருந்த போனில் புதுப்படத்து முன்னோட்டம் சத்தமாக ஓடியது. "சோத்துக்குத்தான்டி சொல்றேன். போ." ஒரு சீட்டியும் இல்லை, தண்ணீர் போலத் தெளிவான குரல். இழுக்க வேண்டிய இடத்தில் சரியாக இழுத்தது. அதற்குப் பிறகு ஒரு பெண் அழுதாள். அந்த அழுகை தண்ணீரின் மேலாக நெடுநேரம் வந்துகொண்டிருந்தது.

"எப்பா, இன்னாமா அழுவுறாடா அந்த ஹீரோயின்" என்றான் போட்டோ எடுத்தவன்.

கரையேறியிருந்த வசந்தா கயிற்றைத் துப்பிவிட்டுத் திரும்பினாள்.

"ஏ பேபி, நீதானடி அது? சொல்லேன்டி அவனுங்களாண்ட."

குணசுந்தரி படகைப் பார்த்தாள். கயிறு இப்போது அடுத்த பல்லில் இருந்தது, அதுவும் ஆடத் தொடங்கியிருந்தது. கை இரண்டும் சேற்றுக்குள் இருந்தன. பறி நிறைந்திருந்தது. வாயைத் திறந்தால் காலையிலிருந்து தடவிய அத்தனையும் ஏரிக்குப் போய்விடும்.