ஒன்பது மாதக் கம்பி

ஆம்பூரில் சோபனாவின் வீட்டு டெலிபோனுக்கு அவள் கணவன் ஜெயசீலனின் குரல் ஒன்பது மாதம் தாமதமாக வந்துகொண்டிருந்தது. வளைகுடாவில் அவன் வேலை பார்த்த ஊரில் செல்போன் வழி இணைய அழைப்பு எடுபடாது. அதனால் விடுமுறையில் வந்தபோது ஒரு மோடத்தையும், அதோடு பழைய டெலிபோனை இணைக்கும் கறுப்பு அடாப்டர் பெட்டியையும் மாட்டிவிட்டு, ஞாயிறு பதினொரு மணிக்குப் பேசுவதாகச் சொல்லிப் போனான். முதலில் இரண்டு நொடிதான் தாமதம். ஆறு மாதத்தில் அது ஒரு நாளானது, மூன்றாம் வருடம் ஒன்பது மாதத்தில் நின்றது. இருவரும் பழகிக்கொண்டார்கள்.

ஆடி மாதம், கட்டட வேலையில் சாரம் சரிந்து ஜெயசீலன் இறந்தான். சோபனா வேலை பார்த்த ஷூ கம்பெனியில், தைக்கப் போகும் பெண்கள் செல்போனை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். செய்தி சொல்ல வந்த அழைப்பு அந்தப் பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது. ஷிப்ட் முடிந்து ஐந்தரைக்குத்தான் சோபனாவுக்குத் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது.

"தீபாவளிக்கு அதிரசம் சுட்டியா? போன தபா மாதிரி கல்லாட்டம் சுட்டுடாத."

ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டார்கள். "போய்ச் சேந்தும் நக்கலு போவல பாரு இவனுக்கு" என்று அவன் அக்கா பங்கஜம் அழுதாள். படையலில் அதிரசமும் வைத்தார்கள்.

மார்கழியில் லைன்மேன் கோபிநாத் வந்து, பொங்கலுக்குள் தெரு முழுக்கப் புது கேபிள் என்றார். "புதுசு போட்டா தாமதமே இருக்காதும்மா."

"தாமதம் போச்சுன்னா அவரும் போய்டுவாருண்ணா. சித்திரை வரைக்கும் வுடுங்க. கடைசியா பேசுனது அப்பதான் வரும்."

கோபிநாத் தன் நோட்டில், 'தாமதம் ஒன்பது மாதம், பழுது இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார்.

சித்திரையில் அந்தக் கடைசி ஞாயிறு வந்தது. "சாரம் ஒரு பக்கம் ஆடுது. சூப்பர்வைசராண்ட சொல்லிக்கிறேன், பயப்படாத. எதனா சொல்லணும்னா சொல்லு" என்றான் ஜெயசீலன்.

"ஏறாதீங்க" என்றாள் சோபனா. ஒரு முறைதான் சொன்னாள். ரிசீவரை வைத்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போனாள்.

கம்பியைக் கழற்ற வந்த கோபிநாத்திடம், தான் சொன்னது இன்னும் போய்ச் சேரவில்லை என்றாள். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"தை மாசம் போய்ச் சேரும். அவர் பதில் சொன்னா, வர்றதுக்கு ஐப்பசி ஆயிடும்மா."

ஏணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். தெருவில் எல்லா வீட்டுக்கும் இப்போது புது கேபிள். சோபனா வீட்டுக்கு மட்டும் பழைய கம்பி தெருவின் குறுக்கே தாழத் தொங்கிப் போகிறது; லாரிக்காரர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, மேலே பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.