பகல் நித்திரை

சோமசேகரத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் இருந்த மனைவி இராசாத்தி வாசல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மக்டலீன் இன்னும் வரவில்லை.

மனுசன் ஒழுங்காக நித்திரை கொண்டு ஒரு வருஷம். பொம்பர் வந்து குண்டு போட்ட அந்த மத்தியானம் அவர் அயர்ந்து கிடந்தார். இராசாத்தி சங்கக்கடையில் நின்றாள். முற்றத்தில் உடுப்புக் காயப்போட்ட மகளைப் பங்கர்க் குழிக்குள் இறக்க ஆளில்லாமல் போயிற்று. அவள் செத்த பிறகு கண்ணை மூடினாலே, மகள் ஈர உடுப்பை உதறும் சத்தம் கேட்கிறது என்பார்.

ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சை செய்யும் மக்டலீன்தான் வழி சொன்னாள். பாய் நித்திரைக்கு மட்டும். வராவிட்டால் எழும்பி இருக்கட்டும். பகலில் கைக்கு வேலை வேண்டும், தும்பு உருட்டிக் கயிறு திரிக்கட்டும். பகலில் கண்ணயர மட்டும் விடக்கூடாது. இராசாத்தி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தலை சரிந்தால் போதும், தோளைப் பிடித்து உலுப்புவாள். "கொஞ்சம் விடுமன்" என்று அவர் கெஞ்சுவார். தன்னைத் தானே திட்டிக்கொண்டுதான் உலுப்புவாள். இரவில் மெல்ல நித்திரை வரத் தொடங்கியுமிருந்தது.

நேற்று மத்தியானம் கதிரையில் இருந்து கயிறு திரித்தபடியே அவர் தலை சரிந்தபோது அவளுக்கு மனம் வரவில்லை. ஒருநாள்தானே. தண்ணீர் அள்ள வந்த பக்கத்து வீட்டுத் தம்பிஐயாவைக் கையைக் காட்டித் தடுத்தாள்.

"வாளியை மெல்லமாப் போடுங்கோ அண்ணை. இவர் நித்திரை."

"உவரோ? புதினந்தான்."

அவளுக்குச் சந்தோஷம் தாளவில்லை. கோழிகளைக்கூட அண்டவிடாமல் பொழுதுபடும்வரை காவல் இருந்தாள். விளக்கு வைத்துவிட்டு எழுப்பப் போனாள். தோள் குளிர்ந்து கிடந்தது.

மக்டலீன் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"நான் எழுப்பேல்லைப் பிள்ளை. நீர் சொன்னதைக் கேக்கேல்லை."

"அதாலை ஒண்டுமில்லை அக்கா. இருதயமெண்டு டொக்டர் சொன்னவராம்."

"உயிர் போகேக்கை நித்திரையோ? கொஞ்ச நேரமெண்டாலும் கொண்டிருப்பாரோ?"

மக்டலீன் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஓம் அக்கா. நல்ல நித்திரை. கையெல்லாம் தளந்து போயிருக்கும். ஒண்டும் தெரிஞ்சிராது."

"குடுத்துவைச்ச மனுசன்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. இராசாத்தி தலையாட்டினாள்.

ஊரைக் கூப்பிடுமுன் அவள் தனியே ஒரு வேலை செய்திருந்தாள். பாதி திரித்த கயிற்றை அவர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு விரலாக நிமிர்த்தித்தான் எடுக்க முடிந்தது.

வாசலில் பறை தொடங்கியது. தன் நகக்கண்ணில் ஏறியிருந்த தும்பை இராசாத்தி சேலைத் தலைப்புக்குள் மெல்லப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.