சிலுவைமுத்து ஏறாத வத்தை

பூசையில் சாமியார் சிலுவைமுத்துவின் பெயரை வாசித்ததும் பின்னால் இருந்த இருபது பேர் எழுந்து வெளியே போனார்கள். அவர் இறந்து ஒரு வருடம் நிறைந்ததற்கான பூசை அது. மகள் ஜோதிமேரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், முதலில் எழுந்தது சவேரியார் சம்மாட்டி. மற்றவர்கள் அவருடைய வத்தைகளில் கடலுக்குப் போய்ப் பிழைக்கிறவர்கள். முதலாளி எழுந்த பிறகு அவர்களால் உட்கார முடியுமா? ஜோதிமேரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சிலுவைமுத்து வத்தை கட்டுகிற தச்சர். வாலிநோக்கத்திலிருந்து ராமேஸ்வரம் தீவு வரைக்கும் அவர் கட்டிய வத்தைகள் ஓடின. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் செய்த தொட்டிலில் கிடந்தவர்கள். மனைவிக்கு வலது கை விளங்காமல் போனபின் மகளுக்குத் தலைபின்னி விட்டதும் அவர்தான். சிரித்தவர்களிடம், "கயிறு முறுக்கத் தெரிஞ்சவனுக்குச் சடை என்னப்பா பெரிய வேலை" என்று சொல்லிவிட்டு ரிப்பனை வாயில் கவ்விக்கொள்வார். அந்த மனிதரைத்தான் இரண்டு உயிரைக் காவு கொடுத்தவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அவர் காய்ச்சலில் போய் இரண்டாம் மாதம், சம்மாட்டியின் வத்தை ஒன்று சாதாரணக் காற்றுக்கே அடிமரம் பிளந்து நடுக்கடலில் உடைந்தது. இரண்டு பேர் கரை திரும்பவில்லை. "சிலுவைமுத்து கட்டுனது, வேற எப்படி இருக்கும்" என்று சம்மாட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். செத்தவனா எழுந்து வந்து பதில் சொல்லப் போகிறான்? கணவனைப் பறிகொடுத்த செபஸ்தியம்மாள் அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைமுத்து வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

ஜோதிமேரியின் அம்மா வாயைத் திறக்க விடவில்லை. "ஊரே பாத்துச்சு, ஊரே சொல்லும். நாம சொன்னா மழுப்புறோம்னு ஆயிரும்" என்றாள். பத்து மாதம் காத்திருந்தார்கள். ஊர் சொல்லவே இல்லை.

பூசை முடிந்து ஜோதிமேரி வெளியே வந்தபோது கோயில் முற்றத்தில் சம்மாட்டி செபஸ்தியம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தார். "வேட்டி வாங்கிக் கட்டிக்கிட்டு, மகளையும் ஏத்தி ஓட்டிக் காட்டுனான் தாயி. நம்பித்தானே உம்புருசனை ஏத்துனேன்."

அம்மா கையைப் பிடித்தாள். ஜோதிமேரி உதறிவிட்டாள்.

"யாரு ஏறுனா? நானா? வாய் கூசலையா உங்களுக்கு?"

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது வத்தை தண்ணீரில் இறங்கும் நாளில் சம்மாட்டி தச்சருக்குக் கோடிவேட்டி கொடுப்பார். தச்சர் அதைக் கட்டிக்கொண்டு, தன் பிள்ளையோடு முதல் ஓட்டம் போய்த் திரும்புவார். அதற்குப் பிறகுதான் மீன்பிடிக்கிறவர்கள் ஏறுவார்கள். தச்சர் தன் பிள்ளையை நம்பி ஏற்றாத வத்தையில் அடுத்தவன் பிள்ளை எதற்கு ஏற வேண்டும்? ஐந்து வயதிலிருந்து ஜோதிமேரி இருபத்தாறு வத்தைகளில் ஏறியிருக்கிறாள்.

"இந்த வத்தைக்கு மட்டும் ஏறல. பதினாலு வயசு எனக்கு. புதுப் பாவாடை கட்டிட்டு வந்து நின்னேன். அய்யா என்னைக் கையப் பிடிச்சு வீட்டுக்கு இழுத்துட்டுப் போனாரு. மூணு நாள் அவரோட நான் பேசல!" அவள் சம்மாட்டிக்கு நேரே போய் நின்றாள். "உடைஞ்ச பழைய தோணியில இருந்து அடிமரத்தை எடுத்துக் குடுத்தது நீங்க. துளை போடயில உள்ள சொத்தைன்னு தெரிஞ்சு, மாத்துங்கன்னு காலப் பிடிக்காத குறையாக் கேட்டாரு. மீன் சீசன் முடியட்டும்னீங்க. நீங்க நீட்டுன வேட்டிய அவரு தொடல. மணல்லதான் கிடந்துச்சு."

"சின்னப்பிள்ளை உளறுது" என்றார் சம்மாட்டி.

"அப்ப பெரியவங்களக் கேளுங்க!" அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "பாக்காத ஆள் யாரு இங்கன? மரியதாஸ் மாமா, நீங்க வடத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்கள்ல?"

மரியதாஸ் செபஸ்தியம்மாளின் கொழுந்தன். தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்றவர்களும் அவரவர் கால்விரலைப் பார்த்தார்கள். இந்த வாய்களெல்லாம் கள்ளுக்கும் கருவாட்டுக்கும் என்னமாய்த் திறக்கும்! ஒரு நல்ல மனிதனுக்காகத் திறக்க மட்டும் பூட்டுப் போட்டிருந்தது.

செபஸ்தியம்மாள் முன்னால் வந்தாள். அந்த வத்தை இறங்கிய சமயம் அவள் பிள்ளைப்பேற்றுக்குத் தங்கச்சிமடத்துத் தாய்வீட்டில் இருந்தாள்.

"இவ சொல்றது நெசமா?"

"நெசந்தான் மதினி" என்றார் மரியதாஸ். "அவரு ஏறல."

"எம்புருசனும் பாத்தாரா?"

"அண்ணனும் பாத்தாரு. ரெண்டு பேருந்தான் நின்னோம். ஏற மாட்டேன்னு சொன்னா அடுத்த வத்தையிலயும் எடம் கிடைக்காது. மூணு வருசம் ஓடுச்சு, ஒண்ணும் ஆகல. மறந்துட்டோம்."

"வத்தை உடைஞ்சப்புறமுமா மறந்துட்டீங்க?"

சம்மாட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். ஒருவரும் அவரை நிறுத்தவில்லை, அவர் பின்னாலும் போகவில்லை.

செபஸ்தியம்மாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"பத்து மாசமா இந்தக் கையால அவுக வாசல்ல மண்ண வாரித் தூத்துனேன். நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானடா இருந்தீங்க. ஒருத்தன் வந்து என் கையப் பிடிச்சீங்களாடா?"