ஹால் மூலையிலிருந்து ஒரு குரல்

சவூதியில் தம்மாமில் இருந்துகொண்டே மேலப்பாளையத்து உம்மாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வதாக முஹ்சின் பெருமையடிப்பான். எல்லாம் ஹால் மூலையில் மாட்டியிருந்த கேமராவை நம்பித்தான். அதன் வழியாகப் பேசவும் செய்யலாம். "மாத்திரை போட்டியளா உம்மா?" என்று கூரையடியிலிருந்து அவன் குரல் கேட்கும். ஆசியா உம்மாள் அண்ணாந்து பார்த்து, "போட்டுட்டேன் வாப்பா" என்று மகனுக்குப் பதில் சொல்லுவாள். நல்ல பிள்ளை, நல்ல ஏற்பாடு! புறவாசல் பக்கம் மட்டும் அதற்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது.

அந்தி மஃரிபு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனவள் புறவாசல் குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஹாலில் ஆளைக் காணோமே என்று முஹ்சின், "உம்மா, எங்க இருக்கிய?" என்று நாலைந்து தடவை கூப்பிட்டான். பதில் இல்லை. அசந்து தூங்கியிருப்பாள் என்று அவனும் படுத்துவிட்டான். விடிந்த பிறகுதான் பக்கத்து வீட்டு இஷ்ரத்துக்குப் போன் போட்டான், பாவி மனுஷன்!

இப்போது ஆஸ்பத்திரி வார்டு வாசலில் பெட்டியும் கையுமாக வந்து நின்றவனை இஷ்ரத் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கூப்பிட்டதெல்லாம் மாமிக்குக் கேட்டிருக்கு முஹ்சின் காக்கா. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டேதான் கெடந்திருக்காவ. நான் போகையில அவியளுக்குத் தொண்டையே கட்டிப்போயிருந்துச்சு."

தன் குரலை நினைத்தால் அவனுக்கே பயமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. புத்திதான் ஒரு நிலையில் இல்லை. வயசானவர்களுக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டரம்மா. உம்மாவின் பார்வை கூரை மூலையை விட்டு அசையவில்லை. அங்கே ஒரு மண்ணும் இல்லை, வெறும் சுவர்.

"இருக்கிற இடம் தெரியுதான்னு கேட்டுப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

முஹ்சின் குனிந்து அவள் கையைப் பிடித்தான். "உம்மா, எங்க இருக்கிய?"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்தக் கேள்வி அவனுக்கு உறைத்தது.

உம்மா மூலையைப் பார்த்துக் கத்தினாள். "பொறவாசல்ல கெடக்கேன் வாப்பா! குழாயடியில!"

"நான் பக்கத்துலதான் இருக்கேன் உம்மா. இங்க பாருங்க."

யாரோ கையைப் பிடிக்கிறார்கள் என்று அவள் வெடுக்கென்று உருவிக்கொண்டாள். "காலு அசைய மாட்டேங்கு வாப்பா. கேக்குதா? கேக்குதா?" வார்டே திரும்பிப் பார்த்தது.

முஹ்சின் அழுதுகொண்டே எழுந்து போய் அந்த மூலைக்குக் கீழே நின்றான். வேறு என்னதான் செய்வான்! அங்கிருந்து குரல் கொடுத்தான்.

"கேக்குது உம்மா."

அவள் முகம் அப்படியே அடங்கியது. அவன் தலைக்கு மேலேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள் பைய. "பொறவு ஏன் நீ வரல வாப்பா?"