பெயரிலி 417

பழைய உரைகளில் "என்பாரும் உளர்" என்று வரும். யார் அவர்கள் என்று உரைகாரர் சொல்லித் தொலைக்க மாட்டார். அந்த ஆளைத் தேடுவதுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு மேற்கோளையும் கணினியில் ஏற்றும்போது நான்கு கேள்விக்கு விடை போட வேண்டும்: எடுத்துக்காட்டுபவர் யார், சொல் யாருடையது, எந்த நூலில், எதற்காக. எதற்காக என்றால், உடன்படவா மறுக்கவா என்று. இந்த உறவு வலைக்கு ஆன்டாலஜி என்று பெயர். அதைக் கட்டியவர் என் வீட்டுக்காரர்.

சொன்னவர் பெயர் தெரியாவிட்டால் கணினியே "பெயரிலி" என்று ஒரு பெட்டி திறந்து எண் கொடுத்துவிடும். ஒரு மேற்கோளாவது பிடித்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் பெட்டி அழியாது. இது அவர் வைத்த விதி. மனுஷருக்குப் பிடிவாதம் அதிகம்.

வேலை பழகும்போது, அவர் வாயில் எப்போதும் வரும் வாக்கியத்தைச் சோதனைக்காக ஏற்றினேன்: "ரெண்டே நிமிஷம், வந்துடறேன்." பெயர் போடவில்லை. அவர் பெயரிலி 417 ஆனார். வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒருநாள் காலை சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர், அலுவலக மாடிப்படியில் பாதி ஏறும்போதே மாரடைப்பில் போய்விட்டார். கடைசியாக என்ன பேசினான் என்று நாத்தனார் கேட்டாள். சாதாரணமாகத்தான் பேசினார் என்று புளுகினேன். உண்மையில் கடைசியாகப் பேசியது நான். அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டேதான் செத்தாரா என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு மதியம், சோதனைப் பதிவுகளை எல்லாம் நீக்கச் சொல்லிவிட்டுப் பதிப்பாசிரியர் மற்றவர்களோடு கூட்டத்துக்குப் போனார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு என் பதிவை அழித்தேன். கூடவே 417 மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. இன்னொரு மேற்கோள் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றது கணினி.

திறந்தேன். எடுத்துக்காட்டுபவர்: பெயரிலி 417. சொல் யாருடையது: கலெக்டரம்மா.

அதிகாரம் பண்ணுகிறேன் என்று அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர் அது. எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. நூல் என்ற இடம் காலி. மேற்கோள் இதுதான்: "போங்க. திரும்பி வரவே வேணாம்."

எதற்காக என்ற கட்டம் திரைக்குக் கீழே மறைந்திருந்தது. உடன்பாடு என்று இருந்துவிட்டால் என்ன செய்வேன்? கண்ணை மூடிக்கொண்டு திரையை நகர்த்தினேன்.

மறுப்பு.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என் பேச்சை என்னைக்குக் கேட்டிருக்கீங்க" என்று திரையைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன். எட்டு மாதத்தில் அப்போதுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன். திரும்பி வர வேண்டாம் என்பதை மறுத்தால் என்ன அர்த்தம் என்று உடனே உறைக்கவில்லை.

அடியில் பதிவான நேரம் இருந்தது: இன்று, 3:10.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 3:12. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கீழிருந்து அல்ல, பாதிப் படியிலிருந்து தொடங்கி மேலே வந்தது. கதவுக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.