ஒன்று போடு, ஒன்று விடு

1

இந்தக் கதை என் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஐந்து காலித் தோட்டாக்களிலிருந்து பிறந்தது. ஞானோதயம் ஒன்றுமில்லை. பேனா தேடித் திறந்தேன், கையில் இவை அகப்பட்டன. ஐந்துக்கும் வயிறு வீங்கியிருக்கிறது, இரண்டு நீளவாக்கில் பிளந்தே போயிருக்கின்றன. நான் மாட்டு வைத்தியன். வீங்கிய வயிற்றைப் பார்த்தால் காரணம் தேடாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மொன்டானாவின் மார்ச் மாதக் காற்றில், தனிமையின் நெடிய நிழலாக, கையில் ரிவால்வரோடு அந்த முதியவர்…"

சீச்சீ. இதை ஆர்வில் படித்தால் என்னை வாய்க்காலில் தள்ளிவிடுவான். (படிக்கமாட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது. இதை எழுத எனக்கிருக்கும் ஒரே தைரியம் அதுதான்.) நெடிய நிழலாம்! ஆர்வில் ஐந்தடி நாலங்குலம்.

மறுபடியும்: "ஆர்வில் ஹோல்ம்ஸ்டெட்டுக்கு எழுபத்தாறு வயது. அவனிடம் ஒரு ரிவால்வர் இருந்தது."

இது போதும். இதில் பொய் இல்லை. எழுபத்தாறு வயதுக்காரரை 'அவன்' என்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். இருபத்து மூன்று வருஷம், பனியிலும் சேற்றிலும், ஒரே மாட்டின் பின்பக்கம் தோளோடு தோள் நின்றவர்கள் நாங்கள். அதற்கப்புறம் வாயில் 'அவர்' வராது.

ரிவால்வரைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்தால் கதை புரிந்துவிடும். ஒன்று, அது இருபத்திரண்டு ரகம், சின்னக் குண்டு. தகர டப்பாவும் தரையணிலும் அதற்கு இரை. ஒவ்வொரு தடவையும் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகுதான் விசை வேலை செய்யும். ஆத்திரக்காரனுக்கு ஆகாத சாமான்; ஒவ்வொரு குண்டுக்கும் தனியாக ஒரு தரம் யோசிக்க வைக்கும். இரண்டு, அதற்குக் கழற்றி மாட்டும் தோட்டா உருளைகள் இரண்டு உண்டு. ஒன்று சாதாரணத் தோட்டாவுக்கு. மற்றது நீளமும் பருமனும் கூடிய மேக்னம் தோட்டாவுக்கு. மூன்று, ஆறு அறை இருந்தாலும் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள். "ஒண்ணு போடு, ஒண்ணு விடு, நாலு போடு" என்று இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அப்படிப் போட்டால், இறக்கிவிட்ட சுத்தியல் அந்தக் காலி அறையின்மேல் வந்து உட்காரும். கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காது. ஆர்விலுடையது பழைய காலத்துச் சாமான், கல்யாணமான வருஷம் அவன் மனைவி டோரிஸ் வாங்கிக் கொடுத்தது. இந்த வழக்கம் இல்லாமல் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாட முடியாது.

2

(காலி. அச்சுப் பிழை அல்ல. பொறுங்கள்.)

3

மார்ச் கடைசி ஞாயிறு. ஆர்விலின் மகள் லவோன் தேவாலயம் முடிந்து, பில்லிங்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டுக்குள் வந்தாலும் குரலில் வகுப்பறை கூடவே வரும். பீன்ஸ் போட்ட மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் செய்து, என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். எதற்கென்று சாப்பிட்டு முடித்ததும் தெரிந்தது. நான் சாட்சி.

"அப்பா, உனக்குக் கை நடுங்குது. போன மாசம் காபிய மடியில ஊத்திக்கிட்ட. கிறிஸ்துமஸ்லேருந்து சொல்றேன், அந்தத் துப்பாக்கிய என்கிட்ட குடுத்துடு."

"காபி வேற, அது வேற. காபிய நான் குறி பாத்து ஊத்தல."

"டாக், நீங்களாவது சொல்லுங்க."

இங்கே டாக்டர் என்றால் 'டாக்', அது நான். வாய் நிறைய ரொட்டியோடு இருந்தேன். நல்ல வேளை.

ஆர்வில் தட்டைத் தள்ளிவைத்தான். "சரி, அஞ்சு டப்பா. பதினஞ்சு எட்டு தூரம். மூணு விழுந்தா, சாகறவரைக்கும் நீ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. விழலேன்னா குடுத்துடறேன்."

"என்கிட்டதானே?"

"உன்கிட்ட எதுக்கு? டாக்கிட்ட."

"என்னை ஏன்யா இழுக்கற?" என்றேன்.

"இந்தச் சுத்துவட்டாரத்துல சுடத் தெரியாத ஒரே ஆம்பள நீதான். உன்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

லவோன் சிரித்துவிட்டாள். ஒப்புக்கொண்டாள்.

வாய்க்கால் கரையின் மண்மேட்டுக்கு முன்னால் ஒரு பலகை. அதன்மேல் ஐந்து பீச் பழ டப்பாக்கள். ஆர்வில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஒன்று போட்டு, ஒன்று விட்டு, நாலு போட்டான். கை நடுங்கியது உண்மை. ஆனால் சுத்தியலை இழுத்ததும் நடுக்கம் நின்றது. அதையும் பார்த்தேன்.

முதல் குண்டு டப்பாவுக்கு ஒரு முழம் இடப்பக்கம் மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது மேலே. மூன்றாவது எங்கே போனதென்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஐந்தும் போயின. பீச் டப்பாக்கள் வைத்தது வைத்தபடி நின்றன. இருபது வருஷமாக நான் பார்த்திருக்கிறேன், ஆர்வில் ஐந்தில் ஐந்தையும் தட்டிவிட்டு, 'ஆறாவது டப்பாவ ஏன் வைக்கல?' என்று கேட்கிற ஆள்.

சுட்ட தோட்டாக்களை எடுக்க, பக்கவாட்டுக் கதவைத் திறந்து கம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ளவேண்டும். எப்போதும் தானாக வழுக்கி விழும். அன்று உள்ளங்கையை வைத்து அழுத்தினான், அழுத்தி அழுத்தித் தள்ளினான். ஒன்று என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். வயிறு வீங்கியிருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இங்கே கூடம் நிஜமாகவே கோணல்! துப்பாக்கியில் இருந்தது மேக்னம் உருளை. போட்டது சின்னத் தோட்டா. அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டியதுபோல, அறைக்குள் லொடலொடவென்று கிடக்கும். சுட்டால் சுடும், வயிறு வீங்கும், குண்டு தறிகெட்டுப் போகும். கோர்ட்டில் வக்கீல் எழுந்திருப்பதுபோல எழுந்தேன்.

"ஆர்வில், நில்லு! இது உன் தப்பே இல்ல, இந்த உரு—"

அவன் பூட்ஸ் என் பூட்ஸின்மேல் ஏறியது. முழு எடையோடு. திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. கன்று செத்தபோதும் டோரிஸ் செத்தபோதும் நான் காணாத கெஞ்சல்.

"உருப்படியா சுடலன்னு சொல்ல வர்றான்" என்றான் ஆர்வில். கதவைத் திறந்து, உருளையைச் சுற்றி, ஆறு அறையும் காலி என்று காட்டி, பிடி என் பக்கம் இருக்குமாறு நீட்டினான். "ஒப்பந்தம்னா ஒப்பந்தம். வச்சுக்கோ."

தோற்றவன் அப்பன். அழுதவள் மகள். கைக்குட்டையைத் தேடிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டாள். அந்த இடைவெளியில் ஆர்வில் மற்ற நான்கு காலித் தோட்டாக்களையும் பொறுக்கி என் சட்டைப்பையில் போட்டான்.

4

உருளையை மாற்றியது யார்?

முதல் வடிவத்தில் லவோன். சமையலறைக்குப் போகிற சாக்கில் படுக்கையறைக்குள் நழுவி, அலமாரியைத் திறந்து, காலுறைக்குள் கிடந்த மேக்னம் உருளையை… இரண்டு பக்கம் எழுதிவிட்டு நிறுத்தினேன். அந்த வீட்டில் பிறந்தவள், எது எதற்கென்று தெரியும், எல்லாம் பொருந்துகிறது. ஆள்தான் பொருந்தவில்லை. எட்டு வயதில் கடையிலிருந்து தெரியாமல் எடுத்துவந்த மிட்டாயை, நாலு மைல் நடந்து போய்த் திருப்பிக் கொடுத்தவள் அவள். அப்பனை ஏமாற்றி ஜெயிக்க அவளால் முடியாது. அந்தப் பக்கங்களை அடுப்பில் போட்டேன்.

இரண்டாம் வடிவத்தில் ஆர்விலே மறதியில் மாற்றி மாட்டிவிடுகிறான். பக்கவாதம் லேசாக வந்துபோன மூளை என்று வைத்துக்கொண்டேன். தன் தவறால் தோற்கிறான், அந்தத் தவறே மகள் சொன்னது சரி என்று காட்டிவிடுகிறது. என்ன நேர்த்தி! விமர்சகர்கள் மெச்சுவார்கள். எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஆனால் அப்படியென்றால் என் காலை ஏன் மிதித்தான்? மறந்தவன் மிதிக்கமாட்டான். நான் ஜோடித்த கதையைக் கதாபாத்திரமே பூட்ஸ் காலால் நசுக்கிவிட்டது.

* இங்கே ஒரு குறிப்பு. எங்கள் ஊரில் துப்பாக்கியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கிற வழக்கம் உண்டு. "வீட்டுக்குச் சாயம் அடிக்கிறோம்", "பேரப் பிள்ளைங்க வருதுங்க", "அலமாரி பூட்டு கெட்டுப்போச்சு" என்பார்கள். வாங்கிக்கொள்கிறவன் "ஏன்?" என்று கேட்கமாட்டான். சாயமே அடிக்காத வீட்டின் துப்பாக்கி குளிர்காலம் முழுக்க இன்னொருவன் அலமாரியில் இருக்கும். வசந்தம் வந்ததும் திரும்பிப் போகும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். ஆர்வில் ஹோல்ம்ஸ்டெட் சாயம் என்று பொய் சொல்லக்கூட வணங்காதவன். அவனுக்கு ஒரு தோல்வி தேவைப்பட்டது.

இந்தக் குறிப்பை எழுதி முடித்தபோதுதான் கதை எனக்கே விளங்கியது. நிஜத்தில் விளங்கியது அந்த ஞாயிற்றுக்கு இரண்டு வாரம் கழித்து.

5

அவன் நாய்க்குத் தடுப்பூசி என்று சொல்லிக்கொண்டு போனேன். நாய்க்கு ஊசி செப்டம்பரிலேயே போட்டாயிற்று. அது அவனுக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும்.

தொழுவத்தின் பக்கம் நின்றோம். தொழுவம் காலி. போன அக்டோபரில் மந்தை முழுவதையும் விற்றுவிட்டான். ஐம்பது வருஷத்தில் கன்று பிறக்காத முதல் பிப்ரவரி அது.

"பிப்ரவரி ரொம்ப நீளமா இருந்துச்சு, டாக்" என்றான்.

நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஐம்பது வருஷப் பழக்கம், விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது. எழுந்து எங்க போறது? அத எடுத்து மேசைமேல வச்சுத் தொடைப்பேன். மறுநாளும் தொடைப்பேன். ஒரு நாள் காலைல பாக்கறேன், அதுல தொடைக்க ஒண்ணுமே இல்ல. அப்ப நான் எதுக்கு எடுத்தேன்?"

வாய்க்காலைப் பார்த்தபடி சொன்னான்.

"லவோன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்து என் காலடியில உக்காந்துக்கும். அழுதே என்னைக் கொன்னுடும்."

"சரி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"நீ வரவே இல்லியே" என்றான்.

குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்பதுபோலத்தான் சொன்னான். மாடு இருந்தபோது வாரம் இரண்டு தடவை அந்த வாசலில் என் வண்டி நின்றது. மாடு போனதும் நானும் போய்விட்டேன். ஒன்பது மைல் தூரம். அக்டோபரிலிருந்து அந்த மார்ச் ஞாயிறு வரை ஒரு தடவைகூடப் போகவில்லை. இதை அழகான வாக்கியமாக்கப் பலமுறை முயன்றேன், வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் போகிறேன். சீட்டாடுவோம். அவன் ஏமாற்றுவான். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், திட்டினான், பிறகு போனான். மகளிடம் அவனாகவே பாதி சொன்னான். மீதியை அவள் புரிந்துகொண்டாள்.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மேக்னம் உருளையோடு துப்பாக்கி என் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. சரியான உருளை அவனிடமே இருந்தது. முழுவதையும் கொடுத்துவிடவில்லை. திரும்பக் கேட்டு வர ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டான் என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் நம்ப விரும்பினேன்.

6

ஜூன். இன்று புதன் இல்லை, சனி. ஆர்வில் தானாகவே வந்திருக்கிறான். என் சமையலறையில் காபி குடிக்கிறான். மடியில் சிந்தவில்லை.

"என்னத்த கிறுக்கற?"

"உன்னப் பத்திக் கதை."

"அதுல நான் சுடறது ஒண்ணாவது படுதா?"

"இதுவரைக்கும் இல்ல."

"நாசமாப் போற கதை" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் காலுறையை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே உருண்டையாக, கனமாக, சரியான உருளை. "வாய்க்கால் கரையெல்லாம் தரையணில் பொந்து. தண்ணி ஒழுகுது. அதக் குடு, டாக்."

மூன்று முடிவுகள் தயாராக வைத்திருந்தேன்.

(அ) கொடுத்துவிடுகிறேன். கோடை முழுக்க அணில் சுடுகிறான். சுபம். ஆனால் பிப்ரவரி வருஷாவருஷம் வரும்.

(ஆ) மறுக்கிறேன். உயிரோடு இருக்கிறான். என் முகத்தில் விழிப்பதில்லை, புதன்கிழமையும் இல்லை. ஆளைக் காப்பாற்றினேனா, தனியாக விட்டேனா?

(இ) உருளைகள் இரண்டும் என்னிடம், துப்பாக்கி அவனிடம். அணில் சுட நான் போனால்தான் ஆகும். கெட்டிக்காரத்தனமான முடிவு. ஆர்விலை ஒரு கைக்குழந்தை ஆக்கிவிடுகிற முடிவு.

பெட்டியைத் திறந்து எடுத்துவந்தேன். ஆறு அறையும் காலி என்று காட்டி, எங்கள் இருவருக்கும் நடுவில், காலுறைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் கை நீட்டினான். அப்போது, இந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"ஆர்வில், பிப்ரவரி முடிஞ்சிடுச்சா?"

கை அப்படியே நின்றது.

"கேட்டுட்டியா?" என்றான் மெதுவாக. "இங்க யாரும் கேக்க மாட்டாங்களே."

"தெரியும். கேட்டுட்டேன்."

கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான். நாற்காலியை இழுத்து நேராக உட்கார்ந்தான். பிறகு பதில் சொன்னான், கொஞ்சம் நீளமாகவே. காபி ஆறிப்போனது.

அவன் சொன்னதையும், எழுந்து வாசலுக்குப் போகும்போது மேசைமேல் எது மிஞ்சியது என்பதையும் நான் எழுதப் போவதில்லை. ஆறு பகுதிக் கதையில் ஐந்தைத்தான் நிரப்பியிருக்கிறேன். ஒன்று போட்டேன், ஒன்று விட்டேன், நாலு போட்டேன். இரண்டாம் பகுதி உங்களுடையது. அவன் பதிலை அங்கே வையுங்கள், அல்லது காலியாகவே விடுங்கள். இழுத்த சுத்தியலை இறக்கிவைக்க இந்தக் கதையில் வேறு இடமில்லை.

எனக்கு நேரமாகிறது. சீட்டுக்கட்டை எங்கே வைத்தாய் என்று வாசலிலிருந்து ஒருவன் கத்துகிறான்.