ஆமை வைத்த பொத்தான்கள்

சீட்டாட்டத்தில் எனக்கு ஆமை என்று பெயர். நல்ல சீட்டு வராமல் தலையை வெளியே நீட்டமாட்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் லிஃப்ட் மெக்கானிக். அவசரப்பட்டால் என் தொழிலில் கையே போய்விடும்.

ஞாயிறு மதியங்களில் சலவைக்கடையின் பின்னறையில் போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, துணியிலிருந்து கழன்று விழுந்த பொத்தான்கள்தான் பந்தயம். அன்றைக்குக் கடைக்காரருக்குப் பல்வலி. "நான் சீட்டு மட்டும் போடறேன், நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க" என்றார். எதிரே ஒரு புது ஆள், துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டவர்.

"வெறும் பொத்தான்ல என்ன சுவாரசியம்? ஒவ்வொண்ணும் வீட்டு விஷயம் ஒண்ணுன்னு வெச்சுக்குவோம். தோத்தா அது போச்சு" என்றார் அவர்.

"வெச்சுக்கிட்டா போச்சு" என்று சிரித்தேன்.

ஆட்டத்துக்கு ஆட்டம் ஆளுக்கொரு பொத்தான் நடுவில் வைக்கவேண்டும். நான் முதலில் வைத்தது, என்னைப் பார்த்தால் என் நாய் வாலாட்டுவதை. அவர் ஒரு ஜன்னலை வைத்தார். தன் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மாடிப்படியையும் சேர்த்துப் பந்தயத்தை ஏற்றினார்.

இப்படிக் கண்மண் தெரியாமல் ஏற்றுகிறவனை மடக்க எனக்குத் தெரியும். பொய்யாக மிரட்டக்கூடாது, அவன் மிரளமாட்டான். குப்பைச் சீட்டையெல்லாம் கவிழ்த்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். நல்ல சீட்டு வந்ததும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்து, அவனையே ஏற்ற விடவேண்டும்.

என் கையில் குப்பை. கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தேன். அவர் என் பொத்தானை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஜெயிச்சது மேசையிலதாங்க இருக்கணும். இவர் திரும்ப ஜெயிக்க வேணாமா?" என்றார் கடைக்காரர்.

"விடுங்க, ஒரு பொத்தான்தானே" என்றேன்.

என் காலடியில் படுத்திருந்த நாய் எழுந்துபோய் அவர் காலடியில் படுத்தது. நன்றி கெட்ட கழுதை என்று திட்டினேன்.

அடுத்து, வேலை விட்டு வந்ததும் மகள் ஓடிவந்து என் பையைத் துழாவுவதை வைத்தேன். மறுபடி குப்பை. அதற்கடுத்து, மனைவி என்னை 'ஏங்க' என்று கூப்பிடுவதை வைத்தேன். அதுவும் அவர் பைக்குள் போனது. உடனே அவருடைய போன் அடித்தது. "இதோ வந்துட்டேம்மா, கடைசி ஆட்டம்" என்றார். போனுக்குள் 'ஏங்க' என்று கேட்டது எனக்குத் தெரிந்த குரல். எழுந்து ஓடியிருக்கவேண்டும். ஆனால் அந்த ஆட்டத்துக்கு வீட்டு வாசலில் செருப்பு விடும் இடத்தை வைத்துவிட்டேன், கைக்கு மூன்று ராஜாவும் வந்துவிட்டார்கள்.

அசையாமல் இருந்தேன். அவர் கட்டிலை வைத்தார், விளக்கை வைத்தார், கடைசியில் நிஜமாகவே ஒரு சாவியை எடுத்து வைத்தார். "என் ரூம் சாவி. இனிமே எங்கிட்ட ஒண்ணுமில்ல."

ராஜாக்களை விரித்தேன். அவர் அப்போதுதான் தன் சீட்டைத் திருப்பினார். ஒன்றுமே இல்லை.

"பிரமாதமா ஆடறீங்க. ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்று சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு எழுந்தார். நாய் அவர் பின்னாலேயே போனது.

கூப்பிட்டேன். அது திரும்பவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கடையை விட்டு ஓடினேன்.

வீட்டுக்குள்ளிருந்து நாய் குரைத்தது, அறியாதவர்களைக் கண்டால் குரைக்குமே, அந்தக் குரைப்பு. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காங்க!"

"ஏங்க, யாருன்னு பாருங்களேன்" என்றாள் என் மனைவி. உள்ளே நாற்காலி நகர்ந்தது.

வாசலில் நான் செருப்பு விடும் இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை நான் ஜெயித்திருந்தேன். செருப்பைக் கழற்றி அங்கே விட்டுவிட்டு நின்றேன்.